வால் கயிறு

ஹிதாகாவில் பனி பக்கவாட்டில் பெய்கிறது.
கடல்காற்று அதை நேராக விழ விடுவதில்லை.

இரண்டு வயதுப் பெண்குதிரை. இன்னும் பெயரில்லை.
பந்தயத்துக்குப் பதியும்வரை
தாயின் பெயரும் பிறந்த ஆண்டும்தான்:
ஹமானாசுவின் இருபத்திரண்டு.
காலையில் மரச்சீவல் தடத்தில் பாய்ந்து வந்தவள்
கடைசி வளைவில் தலையை ஒருமுறை உதறினாள்.
அவ்வளவுதான், என்றான் ஓட்டிவந்த ரியோஹெய்.
சத்தமே இல்லையாம்.
தலைக்கவசத்தைக் கழற்ற அவனுக்குத் தோன்றவில்லை,
அழுவதும் தெரியவில்லை.

முன்னங்காலில், முழங்காலுக்குக் கீழே,
அந்த ஒற்றை எலும்பின் அடியிலிருந்து
மேல்நோக்கி ஒரு கோடு.
படத்தின்மேல் தலைமுடி விழுந்ததுபோல் இருந்தது.
டாக்டர் உசுகுரா கைக்குட்டையால் திரையைத் துடைத்தார்.
முடி போகவில்லை.

வாயைக் கழுவினேன்.
பச்சைத் தண்ணீர் வந்தது, காலையில் தின்ற புல்.
பிறகு ஊசி. பிறகு நாலு கால்களையும் சேர்த்துக் கட்டிக்
கிரேனில் தூக்கினோம்.
நானூற்று அறுபது கிலோ
ஈரத் துணிமூட்டைபோல் மெல்லச் சுழன்றது.

இவருக்கும் தச்சனுக்கும் என்ன வித்தியாசம் என்று
முதல் வருடம் நினைத்திருக்கிறேன்.
துளை, அளவுகோல், மரை, திருகு.
மரம் சூடானால் புகையும்.
எலும்பு சூடானால் செத்துவிடும்.
துளைப்பானின் நுனியில் விடாமல் உப்புநீர் விடுவது
என் வேலை.
இந்தப் பக்கத் துளை அகலம்,
அந்தப் பக்கத் துளை குறுகல்;
திருகு இறுக இறுக
பிளந்த இரண்டும் ஒன்றையொன்று நெருங்கும்.
"இன்னும் கால் சுற்று," என்றார் உசுகுரா.
திரையில் முடி மறைந்தது.
யாரும் கைதட்டவில்லை.

மனிதன் என்றால் கதை இங்கே முடிந்திருக்கும்.
படுத்திரு என்றால் படுத்திருப்பான்,
பழரசம் கேட்பான்.

குதிரைக்குக் கொம்பு கொடுக்காதவன்
குணமறிந்துதான் கொடுக்கவில்லை என்பார்கள்.
சரி.
இத்தனை கனத்தை இத்தனை மெலிந்த தண்டின்மேல்
ஏற்றி வைத்தது
எந்தக் குணமறிந்து?

கண் திறந்ததும் அவள் அறிவது ஒன்றுதான்:
விழுந்து கிடக்கிறேன்.
விழுந்து கிடப்பதைத் தின்ன ஏதோ வரும்.
எது என்று பார்க்கக் காத்திருக்க மாட்டாள்.
போன பிப்ரவரியில் ஒரு செம்பழுப்புக் குதிரை
அப்படித்தான் எழுந்தது,
தகட்டுக்கு மேலே, நல்ல எலும்பில், முறித்துக்கொண்டது.
அந்த ஓசையை நான் எழுத மாட்டேன்.

மெத்தைச் சுவர் அறை. மங்கல் விளக்கு.
கண்மேல் துண்டு, காதில் பஞ்சு.
தலைக்கயிறு கயோவுக்கு, வால்கயிறு எனக்கு.
சுவர் வளையம் வழியாக வெளியே வரும் கயிற்றின் முனையில்
நாங்கள் மூச்சைக்கூடத் தணித்துக்கொண்டோம்.

சொந்தக்காரர் ஷிரானே உள்ளே வரவில்லை.
ட்ரக்கில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு,
"அவசியமானால்" என்று தொடங்கும் வரிக்குக் கீழே
கையெழுத்துப் போடாமல்
பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தார்.

ஐம்பத்தெட்டாம் நிமிடம் ஒரு காது அசைந்தது.
மார்பு எழும்பியது. முகம் சுவரில் மோதியது.
விழுந்தாள்.
இழு என்று ஒரு குரல், இழுக்காதே என்று ஒரு குரல்,
இரண்டும் உசுகுராவுடையது.

அடுத்த முறை
நாய் உட்காருவதுபோல் உட்கார்ந்தாள்.
அப்படியே இருந்தாள்.
குதிரை யோசிப்பதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

பிறகு அந்தக் கனம் முழுக்க
என் கயிற்றில் ஏறியது.
சுவரில் கால் ஊன்றிப் பின்னால் சாய்ந்தேன்.
கூரை விளக்கு மட்டும் தெரிந்தது.

ரப்பர் தரையில் டொக்.
கட்டுப்போட்ட காலை வைத்தாள். எடுத்தாள்.
வைத்தாள்.
உடம்பெல்லாம் நடுங்க, வியர்வை ஆவியாக,
நாலு காலில் நின்று
துண்டை உதறிக் கீழே போட்டாள்.

கயோ பனியில் ட்ரக்கை நோக்கி ஓடினாள்,
ஒரு செருப்பு வாசலிலேயே கிடந்தது.
"போதும், விடு," என்றார் உசுகுரா.
விட்டுவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.
விரல்கள் திறக்கவில்லை.
அவர்தான் பிரித்தெடுத்தார்,
சுண்டுவிரலில் தொடங்கி.